வானிலிருந்து பார்த்த வீடு

ஐக்கிய அமெரிக்காவிலே வீட்டுக் காப்புறுதிக் கும்பனிகள் பல இக்காலத்தில் ஆளனுப்பி வீட்டைப் பார்ப்பதைக் குறைத்துவிட்டன. விமானமும், ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானமும் கூரையைப் படம்பிடிக்கின்றன. கணினி அப்படத்தை ஆராய்கின்றது. பாசி படர்ந்த கூரையோ, அதன்மேற் கவிந்த மரக்கிளையோ தென்படின், காப்புறுதி புதுப்பிக்கப்படமாட்டாது என்று கடிதம் வருதலும் உண்டு.

கும்பனிகளின் அச்சம் பொய்யன்று. 2018 இல் கலிபோர்ணியாவிலுள்ள பரடைஸ் என்னும் ஊரைக் காட்டுத்தீ பெரும்பாலும் அழித்தொழித்தது. ஆபத்தை முன்னறிய முயல்வது வணிகர்க்கு இயல்பே. ஆயினும், உயரத்திலிருந்து நோக்குங்கால் நிழலும் கறையும் பழுதெனத் தோன்றல் கூடும். வீட்டுக்காரர் வங்கிக் கடனாளியாயின் அவர் பாடு பெரும்பாடு. காப்புறுதி அற்றுப்போனால், கடன் கொடுத்தோர் தாமே கூடிய கட்டணத்தில் ஒன்றைப் பெற்று அவர் கணக்கில் ஏற்றிவிடுவர்.

காப்புறுதி என்னும் சொல்லிலே காப்பும் உண்டு, உறுதியும் உண்டு. (தமிழாசிரியன் சொல்லைப் பிரித்துப் பாராது விடுவானா?) படத்தைக் காட்டாமலும், பழுதைத் திருத்தத் தவணை கொடாமலும் கைவிடுமிடத்து அவ்விரண்டும் எங்கே போயின? எடுத்த படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுதல் வேண்டும்; ஐயம் எழுமாயின், ஏணியோடு ஓராளை அனுப்புதல் வேண்டும்.