சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு, அதன் சாவி யாரிடம்?

சமயபுரம் டோல்கேட் சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள், துவாக்குடியில் என்.ஐ.டி., இன்னொரு பக்கம் பாரதிதாசன் பல்கலைக்கழகம், வாழை ஆராய்ச்சி மையம் என்று திருச்சியைச் சுற்றி ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரின் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, ஒரு நொடியில் சுமார் 838 லட்சம் கோடி கணக்குகள். இத்தகைய வசதிகளைக் கட்ட நாம் காட்டும் அக்கறையைக் காக்கவும் காட்டுகிறோமா?

கல்லூரியில் திருட என்ன இருக்கு?

நிறைய இருக்கு. 2020 மே மாதம் ஐரோப்பாவில் பல சூப்பர் கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்து முடங்கின. எடின்பரோவின் 'ஆர்ச்சர்', ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மையங்கள் எல்லாம் அதில் அடக்கம். யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. ஆய்வாளர்களின் லாக்-இன் சாவிகளைத் திருடி, முன்வாசல் வழியாகவே நுழைந்தார்கள். சில இடங்களில், கிரிப்டோ நாணயம் தோண்ட அந்தக் கணினிகளைப் பயன்படுத்தியதும் தெரியவந்தது. கரன்ட் பில் மட்டும் நிறுவனத்துக்கு!

நம் நாட்டில்?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நாட்டின் முதன்மையான மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், நாள்கணக்கில் பேப்பர், பேனாவுக்குத் திரும்பியது. நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது.

எல்லாப் பழியும் ஹேக்கர்கள் மீதா?

இல்லை. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. அழித்தது ஹேக்கர் இல்லை. பேக்கப் மென்பொருளில் செய்த ஒரு தவறான அப்டேட். சில ஆய்வுக் குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு இது ஐந்து வருட உழைப்பு.

எங்கே சிக்கல்?

வங்கியைப் போல எல்லாக் கதவையும் மூடிவைத்து ஆராய்ச்சி நடத்த முடியாது. வெளியூர் ஆய்வாளரும் உள்ளே வரணும், தரவைப் பகிரணும். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களின் கணக்கு மட்டும் உயிரோடு இருக்கும். லேப் முழுக்க ஒரே பாஸ்வேர்டு சுற்றும். கோடிகளில் கருவி வாங்கப் பணம் ஒதுக்குவார்கள். அதைக் காக்க ஓர் ஆளை நியமிக்கச் சொன்னால் கை சுருங்கும்.

என்ன செய்யணும்?

படித்து முடித்தவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டும் கட்டாயம். ஹாஸ்டல் வைஃபையும் ஆய்வக நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்கட்டும். தரவின் ஒரு நகல் இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில் இருக்கணும். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும்.

சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 2022 முதல் செர்ட்-இன் விதி. 'காலேஜ் பேர் கெட்டுடும்' என்று மூடி மறைத்தால், அடுத்த கல்லூரியும் அதே வழியில் அடிவாங்கும்.

ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்புகள், பாதுகாப்புக்கென்று ஒரு பங்கை ஒவ்வொரு திட்டத்திலும் ஒதுக்கச் சொல்ல வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடித்தால், தொலைவது கணினி அல்ல, மாணவர்களின் வருடங்கள்.