விடியற்காலை உளறலும் ஒரு குட்டிக் கட்டியும்

"என் நாத்தனாருக்கு 32 வயது. சில நாள் விடியற்காலையில் எழுப்பினால், நான் யாரென்றே தெரியாமல் விழிக்கிறாள், உளறுகிறாள், உடம்பெல்லாம் வியர்வை. சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி குடித்தால் கால் மணியில் பழைய ஆளாகிவிடுகிறாள். ஆறு மாதமாக வலிப்பு மாத்திரை சாப்பிட்டும் குணமில்லை. மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தக் காப்பிதான். பேய் எங்கேயாவது சர்க்கரைக்கு அடங்குமா?

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரக்கும், இறங்கினால் நிறுத்திக்கொள்ளும். கணையத்தில் அபூர்வமாக வரும் 'இன்சுலினோமா' என்ற கட்டிக்கு நிறுத்தத் தெரியாது. வெறும் வயிற்றிலும் ராத்திரி பூராவும் சுரந்துகொண்டே இருக்கும். மூளைக்குச் சர்க்கரை போதாமல் உளறல், பார்வை மங்கல், சில பேருக்கு நிஜமாகவே வலிப்பு. அடிக்கடி எதையாவது சாப்பிடுவதால் உடம்பும் பெருக்கும்.

பயந்துவிடாதீர்கள். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்குத்தான் இது வருகிறது. காலைத் தலைசுற்றலுக்கு ரத்தசோகை போன்ற சாதாரணக் காரணங்களே அதிகம்.

விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜன் 1930-களில் மூன்று அடையாளங்கள் சொன்னார். பட்டினியில் தொந்தரவு வரவேண்டும். அந்த நேரம் ரத்தச் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். சர்க்கரை கொடுத்ததும் தெளிய வேண்டும். இந்தப் பெண்ணுக்கு முதலும் மூன்றும் பொருந்துகின்றன. நடுவில் உள்ளதை யாரும் பார்க்கவில்லை!

விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். அடுத்த முறை காப்பிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம். அரை நிமிஷ வேலை. 55-க்குக் கீழே இருந்தால் தேதி, நேரம் குறித்துக்கொண்டு ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள். நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், உடனே ஆஸ்பத்திரிதான். விரதம், உபவாசம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, அதிகபட்சம் 72 மணி நேரம் பட்டினி போட்டு, சர்க்கரை, இன்சுலின், சி-பெப்டைடு மூன்றையும் பார்ப்பார்கள். உடம்பே சுரந்த இன்சுலினா, ஊசியில் போட்டதா என்று சி-பெப்டைடு காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையைத் தப்பித்தவறி விழுங்கியிருந்தாலும் இதே கோலம்தான், அதற்கும் சோதிப்பார்கள்.

ஸ்கேன் அதற்கப்புறம்தான். கட்டி பெரும்பாலும் 2 சென்டிமீட்டர்கூட இருக்காது; சுண்டைக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்கேனில் தப்பினாலும், வாய் வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டு எடுக்கும் ஸ்கேனில் அநேகமாக அகப்படும்.

பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல. ஆபரேஷனில் எடுத்துவிட்டால் அநேகமாகப் பூரண குணம். இன்சுலினை 1921-ல் கண்டுபிடித்த அதே டொரான்டோ நகரத்தில், 1929-லேயே கிரஹாம் என்ற சர்ஜன் இப்படியொரு கட்டியை எடுத்துக் குணப்படுத்தினார். இப்போது பலருக்குச் சிறு துவாரங்கள் வழியாகவே முடிகிறது.

ஆபரேஷன் தள்ளிப்போனால் டயசாக்சைடு என்ற மருந்து உண்டு. கால் வீங்கலாம், முகத்தில் ரோமம் முளைக்கலாம். மருந்தை நிறுத்தினால் அந்த ரோமம் போய்விடும்.