பால் இருக்கா என்று மட்டும் கேட்டோம்

பிள்ளை பார்க்கப் போனால் நாம் கேட்பது ஒன்றுதான்: "பால் போதுதா?" மும்பையில் தாராவி மாடி அறையானாலும், மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககமானாலும் இந்தக் கேள்வி மாறியதில்லை. "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பேறுகாலத்துக்கு மருமகளைத் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு ரயிலேற்றிக் கூட்டிவந்தோம். பத்தியம் பார்த்துச் சமைத்துப்போட்ட அவள் அம்மா ஊரிலேயே நின்றுவிட்டாள். இங்கே மருமகளுக்காகக் காத்திருந்தவை குழாயில் தண்ணீர் வரும் நேரமும், செங்குத்தான ஏணியும், பொதுக் கழிப்பறை வரிசையும். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வரிசையில் நிற்பாள் என்று நாம் யோசிக்கவில்லை. சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவளைக் "காத்து கருப்பு" என்று மந்திரிக்க அழைத்துப்போனோம். அழும் பிள்ளையை எடுக்காதவளைத் "திமிர் பிடித்தவள்" என்றோம். படித்த வீடுகளில் பெயர்தான் வேறு. அங்கே அது கிரகக் கோளாறு. மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் நாத்தனார் கல்யாணம் தட்டிப்போகும் என்று வாயை மூடிக்கொண்டோம்.

அது மனச்சோர்வாக இருந்திருக்கலாம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி 6 முதல் 8 வாரமான தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமை, கணவனோடு ஒட்டாத வாழ்வு, பிறந்தது பெண்ணாகிப்போனது ஆகியவை காரணங்களில் முக்கியமானவை. மூன்றும் நம் வீட்டுச் சரக்கு.

நம் சயான் மருத்துவமனையில்தான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் தொடங்கியது. பிள்ளையின் பாலுக்கு ஊர் வழி கண்டுவிட்டது. பால் தருகிறவளின் மனதை அறியவும் வழி அப்போதே இருந்தது: 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி உன்னையே பழித்துக்கொண்டாயா, உன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா? இவற்றில் ஒன்றைக்கூட நாம் கேட்கவில்லை.

பிரசவித்த சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது நோயாக இருக்கலாம்; சிகிச்சையால் குணமாகும். பால் கொடுக்கும்போதே மருத்துவர் சொல்படி சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. சாகத் தோன்றுகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

இனி பிள்ளை பார்க்கப் போகும்போது பால் கணக்கை விட்டுவிடுவோம். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன், நீ ரெண்டு மணி நேரம் தூங்கும்மா" என்போம்.