ரசாயனமே இல்லாத களிம்பு நல்லதா?

ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டால் பாட்டி திட்டுவார் அல்லவா? அந்தத் திட்டில் ஓர் அறிவியல் உண்மை இருக்கிறது. நீர் சேர்ந்த இடத்தில் நுண்ணுயிரிகள் பெருகும்.

நண்பர்களே, உத்திரமேரூர்ப் பக்கம் உள்ள ஒரு கிராமத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே நன்றாகக் காயவைத்து அரைத்த சீயக்காய்த் தூள் மாதக்கணக்கில் கெடுவதில்லை. வேலியோரத்துக் கற்றாழைச் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாலோ, இரண்டொரு நாளில் நாற்றம் வீசுகிறது. இரண்டும் இயற்கைப் பொருள்கள்தாம். ஒன்றில் நீர் இல்லை. மற்றதில் நீரே மிகுதி.

கடையில் வாங்கும் முகக் களிம்பிலும் ஷாம்புவிலும் நீர் உண்டு. களிம்பில் தினமும் விரலை வேறு விடுகிறோம்! எனவேதான் பாரபென், பினாக்ஸி எத்தனால் போன்ற, கெடாமல் காக்கும் பொருள்களைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். இவற்றைப் பதனப்பொருள்கள் என்போம். இவை இல்லாவிட்டால் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் வளரக்கூடும். கண்ணுக்குப் பூசும் பொருளில் அவை வளர்ந்தால் விழிக்கே ஆபத்து.

அப்படியானால் பதனப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா? கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மெத்தில் பாரபெனைத் தனியாகச் சேர்த்தால் 0.4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது, 100 கிராம் களிம்பில் 0.4 கிராம்தான்.

இங்கே ஒரு பாடமும் உண்டு. பாரபென் பற்றிய அச்சம் பரவியதும் பல நிறுவனங்கள் மெத்தில் ஐசோதையசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. விளைவு என்ன? ஐரோப்பாவில் பலருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. பூசிய பின் கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்க 2017இல் தடை வந்தது. அச்சத்தால் ஒன்றை விலக்கி, போதிய சோதனையின்றி மற்றொன்றைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் உள்ளன. விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். சேர்மானங்கள், தயாரித்தவர் முகவரி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம் ஆகியவை லேபிளில் இருக்கவேண்டும்.

கிராமத்துப் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து கற்றாழைக் களிம்பு செய்து விற்க விரும்பினால் என்ன செய்வது? "சிறிய தொழில்தானே" என்று விதியைத் தளர்த்துவது சரியல்ல என்பது என் கருத்து. பாக்டீரியா தொழிலின் அளவைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பயிற்சியும், குறைந்த கட்டணத்தில் சோதனை வசதியும் அரசு தரவேண்டும். அதுவரை சீயக்காய், நலங்கு மாவு போன்ற உலர்ந்த பொருள்களைச் செய்வதே அறிவுடைமை. அவற்றுக்கும் உரிமம் வேண்டும். ஆனால் கெட்டுப்போகும் கவலை குறைவு.

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் ஊர்சபைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. களிம்புக் குப்பியின் லேபிளும் அப்படிக் கணக்குக் காட்டும் இடம்தான். "ரசாயனம் அற்றது" என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதன் பின்புறத்துச் சிறிய எழுத்தை இன்றே படித்துப் பாருங்கள். நீரே ஒரு ரசாயனம்தானே!