‘4 கோடி விற்றது’ன்னா என்ன அர்த்தம்? பழைய வீடியோ கேம் விற்பனைக் கணக்குகளில் இருக்கும் குழப்பம்

2025 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட காலாண்டுக் கணக்கில் ஒரு வேடிக்கை இருந்தது. அதுவரை அந்த நிறுவனம் அதிகம் விற்ற கருவி டி.எஸ்.: 15 கோடியே 40 லட்சத்து 20 ஆயிரம். அதன் கழுத்துக்கு நெருக்கத்தில் ஸ்விட்ச்: 15 கோடியே 40 லட்சத்து 10 ஆயிரம். நின்டெண்டோ தன் கணக்கைப் பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் போடும். அதாவது அந்த அட்டவணையில் காட்டக்கூடிய ஆகக் குறைந்த வித்தியாசம் எதுவோ, அதுதான் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அடுத்த காலாண்டில் ஸ்விட்ச் முந்திவிட்டது. ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள்.

சரி, அந்த 15 கோடியும் யார் வீட்டில் இருக்கு? எல்லாமே யாரோ ஒருவர் வீட்டில் இருந்தாகணும்னு அவசியமில்லை. நின்டெண்டோ கணக்கில் சேர்ப்பது, தான் கடைகளுக்கு விற்றதை. கடை அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் பெட்டியும் அதில் ‘விற்றது’தான். இன்று இது பெரிய விஷயமில்லை. கடையில் தேங்கினால் அடுத்த ஆர்டர் குறையும், கணக்கு தானாகச் சரியாகிவிடும். ஆனா, இதே குழப்பம் ஒருமுறை அமெரிக்காவின் வீடியோ கேம் துறையையே கவிழ்த்துப் போட்டிருக்கு.

அடாரியில் என்ன நடந்தது?

1980-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டின் உரிமத்தை வாங்கி அடாரி 2600-க்குக் கொண்டுவந்தார்கள். அதை விளையாடுவதற்காகவே மக்கள் கருவியை வாங்கினார்கள். கேட்ட அளவுக்குச் சரக்கு கொடுக்க அடாரியால் முடியவில்லை. 100 பெட்டி வேண்டும் என்றால் 200 கேட்டு வைத்தால்தான் 100 வரும் என்று விநியோகஸ்தர்கள் கற்றுக்கொண்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ‘இன்னொரு அப்பளம்’ கேட்கிற உத்திதான்.

இந்த நிலையில் 1981 அக்டோபரில் அடாரி ஒரு காரியம் செய்தது. 1982 முழுவதற்குமான ஆர்டரை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று விநியோகஸ்தர்களிடம் கேட்டது. அவர்களும் பழக்கப்படி அள்ளிக் கேட்டார்கள். அடாரி அதையே உண்மையான தேவை என்று நம்பி உற்பத்தியை முடுக்கிவிட்டது. 1982 வந்தபோது சந்தையே வேறு. ஆக்டிவிஷன், இமேஜிக், கொலிகோ, மேட்டல் என்று போட்டி பெருகியிருந்தது. ஆர்டர்கள் ரத்தாகின. கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பத் தொடங்கின.

1982 டிசம்பர் 7. அடாரியின் தாய் நிறுவனமான வார்னர் கம்யூனிகேஷன்ஸ், லாப வளர்ச்சி 50 சதவீதம் இருக்காது, 10 முதல் 15 சதவீதம்தான் என்று அறிவித்தது. மறுநாள் வார்னர் பங்கு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அறிவிப்புக்கு 23 நிமிடங்கள் முன்பு அடாரியின் தலைவர் ரே கஸார் தன்னிடமிருந்த 5,000 பங்குகளை விற்றிருந்தார். பின்னர் பங்குச் சந்தை ஆணையம் வழக்கு போட்டபோது, தவறை ஒப்புக்கொள்ளாமலே லாபத்தைத் திருப்பிக் கொடுத்து அதை முடித்துக்கொண்டார்.

இந்தச் சரிவுக்கு இன்றுவரை பழி சுமப்பது ‘இ.டி.’ என்ற ஒரே விளையாட்டு. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள், ஐந்து வாரத்தில், கிறிஸ்துமஸுக்கு முன் முடித்தே ஆகவேண்டிய கட்டாயத்தில் எழுதியது. ஆனா தேதியைப் பாருங்க. ‘இ.டி.’ கடைக்கு வந்ததே 1982 டிசம்பரில். வார்னரின் அறிவிப்பும் அதே மாதத் தொடக்கத்தில். நோய் அதற்கு முன்பே முற்றியிருந்தது.

‘இ.டி.’ எத்தனை விற்றது என்பதிலும் குழப்பம்தான். பரவலாகச் சொல்லப்படுவது 15 லட்சம். அடாரியின் உள் ஆவணங்களின்படி 1982 முடிவதற்குள் 26 லட்சத்துக்கு மேல். அதே ஆவணத்தில் 1983-க்கான இடத்தில் சுமார் 6.7 லட்சம் திரும்பி வந்த கணக்கும் இருக்கு. ஒரு வருடம் ‘விற்பனை’யாக இருந்தது, அடுத்த வருடம் கழித்தலாக மாறியது.

திரும்பி வந்த சரக்கு கடைசியில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்களை வெளியே எடுத்தார்கள். மொத்தம் 7.28 லட்சம் புதைக்கப்பட்டதாக, அன்று அந்தப் பொறுப்பில் இருந்த முன்னாள் மேலாளர் சொன்னார். கிடைத்தவற்றில் ‘இ.டி.’ ஒரு சிறு பங்குதான். ‘ஆஸ்டராய்ட்ஸ்’, ‘சென்டிபீட்’ போன்ற ஹிட் விளையாட்டுகளும் அதே குழியில் கிடந்தன. மோசமான விளையாட்டைத்தான் புதைத்தார்கள் என்ற கதை அங்கேயே அடிபட்டுப் போனது.

அப்போ மாரியோ 4 கோடி?

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 4 கோடியே 2 லட்சத்து 40 ஆயிரம் பிரதிகள். நின்டெண்டோ சொல்லும் எண். அது ஓடிய என்.இ.எஸ். கருவி உலகம் முழுக்க 6 கோடியே 19 லட்சம். மூன்று பேரில் இரண்டு பேரிடம் மாரியோ. காரணம் எளிது: அமெரிக்காவில் கருவி வாங்கினாலே பெட்டிக்குள் மாரியோ இருந்தது. கேம்பாயின் ‘டெட்ரிஸ்’ 3.5 கோடி, வீயின் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ 8.2 கோடிக்கு மேல், எல்லாம் இதே ரகம். துணிக்கடையில் சேலை எடுத்தால் பை இலவசம். அந்தப் பை எத்தனை ‘விற்றது’ என்று கேட்கிற மாதிரி.

அதற்காக மாரியோவை மட்டம் தட்ட முடியாது. பெரும்பாலும் தனிக் கார்ட்ரிட்ஜாகவே விற்ற ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ 1.7 கோடியைத் தாண்டியது. என் பார்வையில், மக்கள் காசு எடுத்து நீட்டி வாங்கினார்களா என்பதற்கு 4 கோடியைவிட இந்த 1.7 கோடிதான் உறுதியான சாட்சி.

நம்ம ஊர் பக்கம் வந்தால் கதை தலைகீழ். ‘9999 இன் 1’ என்று ஒட்டிய கார்ட்ரிட்ஜோடு வந்த டிவி கேம் நினைவிருக்கா? அவை என்.இ.எஸ்.ஸின் நகல் கருவிகள். அதில் மாரியோவையும் ‘கான்ட்ரா’வையும் விளையாடிய ஒரு பிள்ளைகூட அந்த 4 கோடியில் இல்லை.

ஆர்கேடில் யாரை எண்ணுவது?

கடையில் நிற்கும் ஆர்கேட் இயந்திரத்துக்கு வாங்குபவர் ஒருவர், விளையாடுபவர் ஆயிரம் பேர். 1980-இல் நாம்கோ வெளியிட்ட ‘பேக்-மேன்’ 1981 முதல் 1987 வரை 2,93,822 இயந்திரங்கள் என்பது கின்னஸ் கணக்கு. இதை வீட்டு கார்ட்ரிட்ஜ் எண்ணிக்கையோடு ஒரே பட்டியலில் வைப்பதில் அர்த்தமே இல்லை. பின்னாளில் பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பலகையை மட்டும் மாற்றுவது சகஜமானது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ காலத்தில் திருட்டுப் பலகைகளும் சேர்ந்துகொண்டன. அதே விளையாட்டின் சூப்பர் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ் 63 லட்சம் என்று கேப்காம் துல்லியமாகச் சொல்லும். ஆர்கேட் பக்கம் அந்தத் துல்லியம் கிடையாது.

துல்லியம் இல்லாத இடத்தில் புராணம் முளைக்கும். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்ததும் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு என்று ஒரு கதை பல புத்தகங்களில் இருக்கு. விளையாட்டு உச்சத்தில் இருந்த 1978, 1979 இரண்டு ஆண்டுகளிலும் அச்சான 100 யென் நாணயங்கள் 1977-ஐவிடக் குறைவு. உண்மையிலேயே தட்டுப்பாடு இருந்திருந்தால் அதிகமாக அல்லவா அச்சடித்திருப்பார்கள்?

இப்போ எதுக்கு இந்த ஆராய்ச்சி?

நிறுவனங்கள் தங்களுக்கு வசதியான எண்ணைத்தான் சொல்லும் என்பதால். மைக்ரோசாஃப்ட் 2015-இல் எக்ஸ்பாக்ஸ் எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திக்கொண்டது. பிளேஸ்டேஷன் 2 விஷயத்தில் பல ஆண்டுகள் ‘15.5 கோடிக்கு மேல்’ என்றிருந்த சோனி, உற்பத்தி நின்று பத்து வருடம் தாண்டியபின் 2024-இல் 16 கோடி என்றது.

இதைவிட முக்கியமானது சட்டம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்வு வெளியிட்டது. அதை வைத்து, நூலகங்கள் இந்த விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே கொடுக்க அனுமதி கேட்டார்கள். நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது: பழைய விளையாட்டுக்கும் சந்தை இருக்கு, அது கெட்டுவிடும் என்று. அந்தச் சந்தை பொய்யில்லை. 2016-இல் வந்த 30 பழைய விளையாட்டுகள் அடங்கிய குட்டி என்.இ.எஸ். சில மாதங்களில் 23 லட்சம் விற்றது. ஆனா சந்தை இருப்பது அந்த முப்பதுக்கு. மீதிக்கு?

2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கோரிக்கையை நிராகரித்தது. கடையில் கிடைக்காத பழைய விளையாட்டை நூலகத்தில் பார்க்க விரும்பும் ஆய்வாளர், இப்போதும் அந்த நூலகத்துக்கு நேரில்தான் போகணும்.