எடுத்த நகல் எங்கே?

கணிப்பொறியில் உள்ள கோப்புகளை நள்ளிரவில் தானாகவே வெளியூர்ச் சர்வர் ஒன்றுக்குப் படியெடுத்து அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் பலர் நிம்மதியாக உறங்குகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், "இதுவரை பிழை எதுவும் வரவில்லையே" என்பார்கள். பிழைச் செய்தி வராதது ஓர் ஆதாரமே அன்று என்பது என் கருத்து.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைக் கணினி பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. துணைத் தரவுத்தளத்தைச் சரிசெய்ய இரவில் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் சுமார் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது.

சரி, கை தவறிவிட்டது. அதற்குத்தானே நகல் என்பீர்கள். நகல்கள் சேர வேண்டிய சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தார்கள். காலி! தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, படியெடுக்க ஓடிய நிரலோ 9.2. பதிப்பு பொருந்தாததால் அது பிழை சொல்லி நின்றிருக்கிறது. யாரிடம் சொன்னது? மின்னஞ்சலில் சொன்னது. அந்த மின்னஞ்சலில் முறையான கையொப்பம் இல்லாததால், பெறும் சர்வர் அதை ஏற்க மறுத்துவிட்டது. நகலும் தோற்றது, தோல்வியைச் சொல்ல வந்த தூதனும் வாயிலிலேயே தடுக்கப்பட்டான்!

சோதனை வேலைக்கென்று ஆறு மணி நேரம் முன்னதாக எடுத்திருந்த ஒரு பிரதிதான் கடைசியில் கைகொடுத்தது. நிரல் கோப்புகள் தப்பின. ஆயினும் சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய கணக்குகள் பற்றிய பதிவுகள் போயின. இவ்வளவையும் மறைக்காமல் உலகறிய வெளியிட்ட அந்நிறுவனத்தின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். பொறியாளரைக் குறை கூறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அழித்தது ஒரு நொடித் தவறு. காலிப் பெட்டியை ஒருவரும் திறந்து பாராதது பல நாள் தவறு.

எங்கள் வீட்டில் தகரப் பெட்டி ஒன்று உண்டு. பட்டா, குடும்ப அட்டை, என் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் அதில்தான். பள்ளிக்கூடம் பாராத என் அம்மா, மழைக்காலம் தொடங்குமுன் அவற்றை வெளியே எடுத்து, கரையான் அரித்திருக்கிறதா என்று பார்த்து, எண்ணி உள்ளே வைப்பார். பூட்டு இருக்கிறதே என்று அவர் இருந்துவிடுவதில்லை.

நாம் என்ன செய்கிறோம்? கையால் இயக்கும்போது ஒழுங்காக ஓடும் நகல் நிரல், கிரான் வழியாக இரவில் ஓடும்போது நின்றுவிடும். கட்டளைகள் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. சாவியின் கடவுச்சொல்லைத் தட்டித்தர அந்நேரம் ஆள் இல்லை. அல்லது அந்தப் பக்கத்து வட்டு நிரம்பியிருக்கும். இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. நகல் தோற்ற பிறகும், நிரலின் கடைசி வரியில் "முடிந்தது" என்று அச்சிடச் சொல்லியிருந்தால், கணிப்பொறி அந்தக் கடைசி வரியின் வெற்றியையே முழு வேலையின் வெற்றியாகக் காட்டும். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் நாமே!

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்முறைத் தேர்வில் நகல் எடுக்கும் நிரலை எழுதச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். சென்ற மாதம் அனுப்பிய நகலிலிருந்து ஒரு கோப்பை வேறொரு கணிப்பொறியில் மீட்டு, திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்காதவர்க்கு மதிப்பெண் தர வேண்டாம். முதல் ஆண்டு எங்களில் பலர் தோற்போம். தோற்றாலும் ஆய்வகத்தில்தானே தோற்கிறோம்.