படத்துள் அடங்காத நெய்தல்

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தேனிக்கு வரும் நெடுஞ்சாலை கிழக்கே கடலிற் சென்று முடிகின்றது என்பதை நம் மாணவருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை என்றும், எண் 49 என்றும் நெடுங்காலம் வழங்கிய சாலை அது. 2010ஆம் ஆண்டு எண்களை மாற்றியபோது நம் பகுதி 85 ஆயிற்று; கடற்பகுதி 87 ஆயிற்று. எண் பிரிந்தாலும் சாலை ஒன்றே. போடிமெட்டுக் குறிஞ்சியில் தொடங்கி, முல்லையாற்று வயல்களின் மருதம் கடந்து, ஆண்டிபட்டிக் கணவாயின் மேய்ச்சல் நிலத்தையும் இராமநாதபுரத்துக் கருவேலங்காட்டு வறட்சியையும் தாண்டி நெய்தலை அடைகின்ற ஒரு சாலை, தமிழ் பயில்வோர்க்கு இயற்கையே விரித்து வைத்த பாடநூல் எனலாம்.

அச்சாலையின் இறுதிப் பகுதிக்குச் சுற்றுலா சென்று மீண்ட மாணவர் சிலர், கைப்பேசியில் எடுத்த ஒளிப்படங்களை என்னிடம் காட்டினர். நூற்றுக்கணக்கான படங்கள். இருபுறமும் கடல், நடுவே கரிய சாலை, அரிச்சல்முனையில் தூண், அதன் முன் நண்பர் கூட்டம். ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் குடம் ஏந்திய முதியவள் ஒருத்தி பாதியாய்த் தெரிந்தாள். யார் எனக் கேட்டேன். "யாரோ ஒரு பாட்டி ஐயா, குறுக்கே வந்துவிட்டார்" என்றார் படமெடுத்தவர். தீய எண்ணம் சிறிதும் இல்லாத பிள்ளை. ஆயினும் அச்சொல் என்னை உறுத்தியது. அப்பாட்டி குறுக்கே வரவில்லை. அவர் தம் ஊரில் நடந்தார். குறுக்கே சென்றவர் நாம்.

நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் மக்களும், அவர்தம் உணவும் தொழிலும், புள்ளும் விலங்கும் கருப்பொருள். அம்மக்களின் நெஞ்சில் நிகழ்வது உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என முறைவைத்துச் சொல்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். நிலத்தை நிலத்துக்காகவே பாடுதல் அகப்பாட்டின் நோக்கமன்று. நம் படங்களோ முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. (நெய்தலுக்குரிய எற்பாடு காலையா, மாலையா என உரைகாரர் வழக்காடுவர், தனுஷ்கோடியில் படமெடுப்போர் இரண்டையும் விடுவதில்லை!)

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தனுஷ்கோடியைப் போல அதற்கு உரிமையுடைய கடற்கரை வேறு எது? 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் சென்னையிலிருந்து வரும் தொடர்வண்டி இங்கு நிற்க, பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் எழுந்த புயல் அவ்வூரை அழித்தது; பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த தொடர்வண்டியும் பயணிகளோடு கடலுள் மூழ்கியது. மனிதர் வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது. எஞ்சிய தேவாலயச் சுவர்தான் இன்று பலருடைய படங்களுக்குப் பின்புலம். அச்சுவரின் முன் சிரித்துக்கொண்டு நிற்பது குற்றமென்று கூறேன். அது எதன் சுவரென்று அறியாமல் நிற்பதே வருத்தம் தருகின்றது.

மீனவர் அவ்விடத்தை முற்றிலும் விடவில்லை. வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அவர்கள் வழங்குவர். கரைவலையைக் கயிறு பற்றிக் கூடியிழுப்பர். இரு உப்புக் கடல்களுக்கிடையே மணலைக் கையால் தோண்டி ஊற்றில் நன்னீர் முகப்பர். அப்பாட்டியின் குடத்தில் இருந்ததும் அந்நீராகலாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர்ச் சாலை 2017இல் திறக்கப்படும் வரை, மணலிலும் நீரிலும் திணறிச் செல்லும் வண்டிகளே வெளியூராரைக் கொண்டு சேர்த்தன. இன்று எவரும் தம் ஊர்தியிலேயே சென்று, இறங்கி, படமெடுத்து, அரைமணியில் திரும்பலாம். எளிதாய்க் கிட்டியது எளிதாய்க் கண்ணுக்குத் தப்புகிறது.

இதனை நாம் எளிதில் உணர வேண்டியவர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்குள் கேளாமல் நுழைந்து நின்று படமெடுப்போரைக் கண்டு நம் உழவர் முகஞ்சுளிப்பதைப் பார்த்திருக்கிறோம். விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் நம் தாய்மார் எத்தனை பேர்! மலைச்சாலையின் மேகத்தைப் படமெடுப்போர், அந்த ஜீப்பு கடந்து போகட்டும் எனக் காத்திருந்து பின்னர் எடுக்கின்றனர். மேகம் அழகு, ஜீப்பு இடையூறு. இங்கே நாம் பாட்டியின் இடத்தில் இருக்கின்றோம்.

அழகை இரசிப்பதும் தவறோ என மாணவர் வினவலாம். தவறன்று. கடலைக் கண்டதும் கை தானே கருவியை நாடும். என் கையும் நாடியது. பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவே ஊர்தியை நிறுத்திப் பின்வருவோர் உயிருக்கு ஊறு செய்வதை மட்டும் எவ்வழகும் நியாயப்படுத்தாது. மற்றபடி, படம் எடுக்கட்டும். எடுக்குமுன் ஒரு சொல் பேசட்டும்; முகத்தை எடுப்பதாயின் இசைவு கேட்கட்டும்; மறுத்தால் விலகட்டும்.

அடுத்த பயணத்தைப் போடிமெட்டிலேயே தொடங்கித் தனுஷ்கோடியில் முடிக்கலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் முதல், கரு, உரி என மூன்று வரிகள் எழுதித் தர வேண்டும். மூன்றாம் வரி வெறுமையாக உள்ள படங்களைத் துறையின் சுவரில் ஒட்ட நான் இசையேன். பாட்டியின் படம் மட்டும் இப்போதே என் மேசையில் உள்ளது. அதன் பின்புறம் எழுத அம்மாணவர் மீண்டும் ஒருமுறை அங்குச் சென்றுவரப் போவதாகக் கூறியிருக்கிறார்.